திருச்சி–சிங்கப்பூர்: ஒரு நூல், ஒரு எக்செல் தாள், ஒரு ஜன்னல் சீட்

அம்மா டிக்கெட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்ட ஒரு கேள்வியில்தான் இந்த வேலை ஆரம்பித்தது. திருச்சியில் காலை 11:05க்குக் கிளம்பி சிங்கப்பூரில் மாலை 5:55க்கு இறங்க வேண்டும். திரும்பும்போது அங்கே காலை 8:00, இங்கே 9:40. "போக ஏழு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம்கூட இல்ல. வர்றப்ப என்ன இறக்கமா தம்பி?"

இரண்டு ஊருக்கும் கடிகாரம் வேறு, அங்கே இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்று சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா உடனே மறுத்தார். "ரெண்டரை இல்ல, ரெண்டு. நான் அங்க மூணு வருசம் இருந்தவன்." மாமா 1978இல் நாகப்பட்டினத்தில் எம்.வி. சிதம்பரம் கப்பல் ஏறிப் போனவர். தேடிப் பார்த்ததில் அவர் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. சிங்கப்பூர் 1982 ஜனவரி 1 அன்று தன் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்துக்கொண்டது. மாமா ஊர் திரும்பியது அதற்கு முந்தைய வருடம்.

இன்னொரு வேடிக்கை. சூரியனை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் 25.28 பாகை. பாகைக்கு 4 நிமிடம் என்றால் 101 நிமிடம், அதாவது 1 மணி 41 நிமிடம்தான். மீதியெல்லாம் அரசாங்கங்கள் வைத்துக்கொண்டது.

சரி, இரண்டரையைக் கழித்தால் போக 4 மணி 20 நிமிடம், கூட்டினால் வர 4 மணி 10 நிமிடம். அம்மாவுக்கு இந்தப் பத்து நிமிடமும் இடித்தது. "அதே ரோடுதானே?" என்றாள். அப்புறம் இன்னொன்றும் கேட்டாள்: "நாமதான் தெக்க இருக்கோம், மெட்ராஸவிட நமக்குத்தானே சிங்கப்பூர் கிட்ட?" ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எனக்கே உறுதியில்லை. அளந்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் நூல். பையனுக்கு வாங்கிய பூமி உருண்டை அலமாரி மேல் தூசி படிந்து கிடந்தது. நிலநடுக்கோட்டைச் சுற்றி நூலை வைத்து அளந்ததில் 94 செ.மீ. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. என்பதால் ஒரு செ.மீ.க்கு 425 கி.மீ. வீட்டில் இருந்த பூக்கட்டும் நூலை எடுத்துத் திருச்சியில் ஒரு முனையைச் செலோடேப்பால் ஒட்டி, சிங்கப்பூர்ப் புள்ளிவரை இழுத்தேன். 7.4 செ.மீ. வந்தது, அதாவது 3,145 கி.மீ. கொஞ்சம் அதிகமாகத் தோன்றியது. கவனித்தால் நூல் வங்காள விரிகுடாவில் தொங்கிக்கொண்டிருக்கிறது, உருண்டையோடு ஒட்டவில்லை. பூக்கட்டும் நூல் தடிமன், முறுக்கும் தளர்வு. இரண்டாம் தடவை தையல் மெஷின் நூலை எடுத்து, விரல் நகத்தால் நீவி, விறைப்பாகப் பிடித்து இழுத்தபோது சரியாக 7 செ.மீ. 2,975 கி.மீ.

விறைப்பாக இழுத்தால் நூல் தானாகவே மிகக் குறுகிய பாதையில் போய் உட்காரும். பெருவட்டப் பாதை என்று சொல்வது இதைத்தான். திருச்சி–சிங்கப்பூருக்கு இது பெரிய விஷயமில்லை. இரண்டும் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாலும் கிட்டத்தட்ட அதே வழிதான் வரும். அதே நூலை டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு இழுத்துப் பார்த்தால் விஷயம் புரியும். நூல் வழுக்கிக்கொண்டு வடதுருவத்துப் பக்கம் ஏறிவிடுகிறது. பையன் இதை நாலைந்து தடவை செய்து பார்த்தான்.

சென்னைக்கும் திருச்சிக்கும் உள்ள வித்தியாசம் நூலில் தெரியவில்லை. ஒரு மில்லிமீட்டரோ என்னவோ, என் கண்ணுக்கு அது போதாது. அதனால் எக்செல்.

விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை இணையத்திலேயே கிடைக்கும். திருச்சி 10.7654 வடக்கு, 78.7097 கிழக்கு. சிங்கப்பூரின் சாங்கி 1.3592 வடக்கு, 103.9894 கிழக்கு. தளத்துக்குத் தளம் மூன்றாம் தசமத்தில் கொஞ்சம் மாறும், அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 0.01 பாகை என்பது 1.1 கி.மீ. திருச்சி ஓடுபாதையே இரண்டரை கி.மீ. நீளம், எந்த முனையில் நிற்கிறீர்கள் என்பதிலேயே அந்த வித்தியாசம் அடிபட்டுப் போகும்.

கணக்கு பழைய பாடப்புத்தகக் கணக்கு. இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கி ஒரு பக்கம் வை. இரண்டின் கொசைன்களையும் பெருக்கி, அதைத் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனோடு பெருக்கி இன்னொரு பக்கம் வை. இரண்டையும் கூட்டு. வரும் எண் எந்தக் கோணத்தின் கொசைனோ, அதுதான் பூமியின் நடுவிலிருந்து பார்த்தால் இரண்டு ஊருக்கும் இடையிலுள்ள கோணம். அதைப் பூமியின் சராசரி ஆரமான 6,371ஆல் பெருக்கினால் கி.மீ.

எழுதி எண்டர் தட்டினேன். 19,779 கி.மீ.

பூமியைப் பாதி சுற்றினாலே 20,015 கி.மீ.தான். அதாவது என் எக்செல் கணக்குப்படி சிங்கப்பூர் திருச்சிக்கு நேர் கீழே, பூமியின் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. அரை மணி நேரம் அடைப்புக்குறிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அடைப்புக்குறியெல்லாம் சரி. எக்செல்லின் சைனுக்கும் கொசைனுக்கும் பாகை என்றால் என்னவென்று தெரியாது, ரேடியன் என்ற வேறொரு கோண அலகுதான் தெரியும். 10.7654 பாகையை அது 10.7654 ரேடியன் என்று எடுத்துக்கொண்டு, வட்டத்தை ஒன்றரைச் சுற்றுக்கு மேல் சுற்றிவிட்டு வந்திருக்கிறது. பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாமல் நம்பும்படியான ஓர் எண்ணையும் கொடுத்துவிட்டது. இது 19,779 என்று வந்ததால் பிடிபட்டது. 3,400 என்று வந்திருந்தால் அப்படியே அம்மாவிடம் சொல்லியிருப்பேன். நூலால் முதலில் அளந்து வைத்ததன் பயன் அப்போதுதான் தெரிந்தது.

ஒவ்வொரு கோணத்தையும் ரேடியன்ஸ் என்ற சார்புக்குள் போட்டதும் சரியாகிவிட்டது. உடனே நம்பாமல், விடை தெரிந்த ஒரு கணக்கைக் கொடுத்துப் பார்த்தேன்: நடுக்கோட்டில் 0 பாகையிலிருந்து 90 பாகைக்கு. பூமியின் கால்பங்குச் சுற்றளவு வர வேண்டும். 10,007 வந்தது. அப்புறம்தான் திருச்சி. சைன்களின் பெருக்கல் 0.0044, கொசைன் பக்கம் 0.8881, கூட்டினால் 0.8925, கோணம் 26.81 பாகை, அதாவது 0.4679 ரேடியன், அதை 6,371ஆல் பெருக்கினால் தூரம் 2,981 கி.மீ. தையல் நூல் சொன்னது 2,975.

பைலட்டுகளின் கணக்கு இன்னும் சுளுவு. ஒரு பாகைக்கு 60 நாட்டிகல் மைல், ஆகவே 26.81ஐ 60ஆல் பெருக்கினால் 1,609 நாட்டிகல் மைல், முடிந்தது. ஒரு நாட்டிகல் மைல் 1.852 கி.மீ.

பூமி சரியான உருண்டையில்லையே என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், நடுக்கோட்டு ஆரம் 6,378, துருவ ஆரம் 6,357. அதையும் சேர்த்துக் கணக்கிட முறை இருக்கிறது. ஆனால் இந்த வழித்தடத்தில் சில கி.மீ. மாறும், அவ்வளவுதான். விமானம் வளைந்து போவதில் அதைப்போலப் பல மடங்கு போய்விடுகிறது என்று பின்னால் பார்த்தேன்.

அடுத்த வரியில் சென்னையைப் போட்டேன். 12.99, 80.17. விடை 2,924 கி.மீ. சென்னைதான் கிட்டே, 57 கி.மீ. வித்தியாசம். திருச்சி தெற்கே இருந்தாலும் சென்னையைவிட ஒன்றரைப் பாகை மேற்கே தள்ளி இருக்கிறது. சிங்கப்பூருக்கான பாதையில் தெற்கே இறங்குவது கொஞ்சம்தான், கிழக்கே போவதுதான் பெரும்பகுதி. அம்மாவிடம் சொன்னபோது உருண்டையைப் பார்த்துவிட்டு, "மெட்ராஸ் இவ்வளவு கிழக்கயா இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

தூரம் முடிந்தது, இனி நேரம். இங்கேதான் ஒரு வாரம் போனது.

முதலில் வேகத்தைக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். 2,981ஐ 4.20ஆல் வகுத்தேன், மணிக்கு 710 கி.மீ. வந்தது. பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டேன். 4 மணி 20 நிமிடம் என்பது 4.20 அல்ல, 4.33. சரியாக வகுத்தால் 688. இந்தப் புள்ளித் தவறை எத்தனையோ பேர் செய்து பார்த்திருக்கிறேன், கடைசியில் நானும். எக்செல்லில் நேரத்தை 4:20 என்று முக்காற்புள்ளி வைத்துத்தான் அடிக்க வேண்டும், வகுப்பதற்கு முன் 24ஆல் பெருக்க வேண்டும். இரவில் கிளம்பி மறுநாள் இறங்கும் விமானமென்றால் கழித்தல் எதிர்மறையாகிக் கட்டம் முழுக்க வேலிக்கம்பி மாதிரி ஒரே குறியாக வரும். இறங்கும் நேரத்தோடு ஒரு நாளைக் கூட்டினால் போய்விடும்.

688 என்பதும் உதைத்தது. ஏ320 வகை விமானம் மேலே போனபின் மணிக்கு 830, 840 கி.மீ. வேகத்தில் பறப்பது. அப்படியானால் 3 மணி 35 நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய பயணம். மிச்சம் முக்கால் மணி நேரம் எங்கே போனது?

பழைய டிக்கெட்டுகளைத் தோண்டினேன். சென்னை–டெல்லி 1,760 கி.மீ., 2 மணி 50 நிமிடம். சிங்கப்பூருக்கு அதைவிட 1,220 கி.மீ. அதிகம், நேரம் 90 நிமிடம் அதிகம். கூடுதல் தூரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் மணிக்கு 813 கி.மீ. இது நம்பும்படியான வேகம். இந்த வேகத்தில் டெல்லிக்கு 130 நிமிடம் ஆகும், டிக்கெட்டில் இருப்பதோ 170. அந்த 40 நிமிடம் எவ்வளவு தூரம் பறந்தாலும் கொடுத்தே ஆக வேண்டிய முன்பணம்: வாசலிலிருந்து பின்னால் தள்ளி, ஓடுபாதைவரை ஊர்ந்து, மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கி, மறுபடி ஊர்ந்து நிற்கிறவரை. இரண்டு புள்ளிகளை வைத்துக் கோடு போட்டால் எந்தக் கோடும் பொருந்தும்தான். அதனால் சென்னை–மும்பையைச் சோதித்தேன். 1,034 கி.மீ.க்கு என் கணக்கு 1 மணி 56 நிமிடம், டிக்கெட்டில் 2 மணி.

ஆக, முன்பணம் 40 நிமிடம், அப்புறம் மணிக்கு 813. ஜெட் விமானத்துக்கு இது போதும். ஆனால் திருச்சி–சென்னை வரியில் கணக்கு உடைந்தது. 294 கி.மீ.க்கு 62 நிமிடம் என்று காட்டியது, நான் போனபோது 70 நிமிடம். காரணம் எளிது, அன்று நான் ஏறியது விசிறி வைத்த ஏடிஆர். அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவுதான். அதனால் தாளில் விமான வகைக்கு ஒரு கட்டம் சேர்த்தேன்: ஏடிஆர் என்றால் 35 நிமிடம் முன்பணம், வேகம் 500. அந்தச் சூட்டோடு, 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமான யாழ்ப்பாணம் பலாலிக்கும் போட்டுப் பார்த்தேன். சென்னையிலிருந்து 356 கி.மீ., 78 நிமிடம். அந்தப் பயணத்தில் ஏறக்குறைய பாதி நேரம் தூரத்துக்கு ஆவதில்லை, முன்பணத்துக்குத்தான் போகிறது.

இணையத்திலுள்ள கணிப்பான்களில் சில மணிக்கு 500 மைல் என்று வைத்து அரை மணியைக் கூட்டிச் சொல்கின்றன. மோசமில்லை. திருச்சி–சிங்கப்பூருக்கு அந்த முறையில் 4 மணி 12 நிமிடம் வருகிறது. ஆனால் அம்மா கேட்ட அந்தப் பத்து நிமிடத்துக்கு அதில் பதிலில்லை. எந்தப் பக்கம் போனாலும் அவற்றுக்கு ஒரே விடைதான்.

ஜூலையில் அம்மாவைக் கொண்டுபோய் விட நானும் கிளம்பினேன். ஜன்னல் சீட்டை நானே எடுத்துக்கொண்டேன், அம்மாவுக்கு நடு சீட். இதை அக்காவிடம் அம்மா பிறகு பெரிதாகவே சொன்னாள். போனை ஃபிளைட் மோடில் போட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், அது செயற்கைக்கோள் சிக்னலை வாங்குவது மட்டும்தான். ஆனால் ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும், மடியில் வைத்தால் ஒன்றும் வராது. வரைபடம் இல்லாமலே பாதையைப் பதிவு செய்கிற ஓர் ஆப்பை முதல் நாளே இறக்கி வைத்திருந்தேன்.

இந்திய நேரப்படி குறித்தது: 11:09க்கு நகர்ந்தது. 11:19க்குச் சக்கரம் தரையை விட்டது. 11:43க்கு ஏற்றம் முடிந்து சமமானது. அங்கிருந்து தரைவேகம், அதாவது கீழே தரையைக் கடக்கும் வேகம், 795க்கும் 805க்கும் நடுவிலேயே நின்றது. நான் எதிர்பார்த்த 840 வரவேயில்லை. 3:21க்கு இறங்கி, 3:31க்கு வாசலில் நின்றது. மொத்தம் 4 மணி 22 நிமிடம். டிக்கெட்டைவிட ஆறு நிமிடம் தாமதம். விமானத்துறையில் 15 நிமிடம்வரை தாமதத்தைத் தாமதமாகவே எண்ணுவதில்லை.

ஆப்பில் பதிவான பாதை 3,060 கி.மீ. நூல் பாதையைவிட 80 கி.மீ. அதிகம். நூல் யாழ்ப்பாணத்துக்குச் சற்று வடக்கே கடலைத் தாண்டி, சுமத்ராவின் வடபகுதி மேலேயே, மேடான் பக்கமாகக் குறுக்கே போகிறது. விமானம் சுமத்ராவைத் தொடாமல் வடக்கே ஒதுங்கி, மலாக்கா நீரிணையோடு இறங்கியது. வானத்திலும் போட்டு வைத்த வழித்தடங்கள் உண்டு. சாங்கி பக்கம் வந்ததும் வரிசையில் இடம் கிடைக்க ஒரு வளைவு வேறு.

பத்து நாள் கழித்து நான் மட்டும் திரும்பினேன். சாங்கியில் ஓடுபாதையைத் தொடவே 18 நிமிடம் ஊர்ந்தது. ஆனால் மேலே போனதும் தரைவேகம் 880. போன் ஏதோ உளறுகிறது என்று ஆப்பை மூடித் திறந்தேன், அப்போதும் 880. காற்றில் இருந்தது 3 மணி 44 நிமிடம்; போகும்போது 4 மணி 2 நிமிடம். திருச்சியில் இறங்கி நாலே நிமிடத்தில் நின்றுவிட்டது. மொத்தம் 4 மணி 6 நிமிடம்.

800, 880. நாள் வேறு, விமானம் வேறு, ஆனாலும் நடுவில் நிற்பது 840. நான் முதலில் எதிர்பார்த்த அதே வேகம். அப்படியானால் காற்று மணிக்கு 40 கி.மீ., கிழக்கிலிருந்து மேற்காக. தரையில் தென்மேற்குப் பருவக்காற்று எதிர்ப்பக்கம் வீசிக்கொண்டிருக்கும் அதே ஜூலையில், மேலே காற்று கிழக்கிலிருந்து வருகிறது. கோடையில் திபெத்தியப் பீடபூமியும் ஆசியாவின் நிலப்பரப்பும் சூடாவதால் தென்னிந்தியாவுக்கு மேலே 14, 15 கி.மீ. உயரத்தில் ஒரு வேகமான கீழைக்காற்று ஓடும். இதை 1950களில் ஆராய்ந்து எழுதியவர் பி. கோட்டீஸ்வரம், இந்திய வானிலை விஞ்ஞானி. விமானம் அதற்குக் கொஞ்சம் கீழே பறந்தாலும் அதன் ஓரம் பட்டுவிடுகிறது. அம்மா கேட்ட இறக்கம் உண்மையிலேயே இருக்கிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மட்டும்.

நீண்ட தூரத்தில் இந்தக் காற்று தூரக்கணக்கையே கவிழ்த்துவிடும். 2016இல் ஏர் இந்தியா டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கம் விடாமல் பசிபிக் பக்கம் திருப்பியது. பாதை ஏறக்குறைய 1,400 கி.மீ. கூடியது, ஆனால் பின்காற்று தள்ளியதில் பயண நேரம் குறைந்தது. பையன் இழுத்த நூல் இரண்டு பக்கமும் போகவில்லை.

தாளில் இப்போது மாதத்துக்கும் திசைக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர்வரை கிழக்கே போனால் வேகத்தில் 40 கழியும், மேற்கே வந்தால் 40 கூடும். மற்ற மாதங்களுக்கு இப்போதைக்குப் பூஜ்யம். டிசம்பரில் அம்மாவை அழைத்துவரப் போகும்போது மறுபடி அளக்க வேண்டும். ஜன்னல் சீட்டுக்கு அப்போது சண்டை வரும்.

எல்லாம் முடிந்து மாமாவிடம் காட்டினேன். "என் கப்பலுக்குப் போடு" என்றார். கப்பல் சுமத்ரா மேல் ஏறிப் போக முடியாதே. அதனால் பாதையைத் துண்டு துண்டாக வெட்டினேன். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, பினாங்கிலிருந்து நீரிணை வழியாகச் சிங்கப்பூர், மொத்தம் 3,060 கி.மீ. பக்கம் வந்தது. விமானம் வளைந்து போன தூரமும் அதேதான். ஆறு ராத்திரி கப்பலில் இருந்ததாக மாமா சொன்னார். 144 மணி நேரம் என்று வைத்து வகுத்தேன். மணிக்கு 21 கி.மீ.

"என்னது, சைக்கிள் வேகமா? பினாங்குல நின்னதக் கழிச்சியா?" என்றார்.

கழிக்கவில்லை.